டீ மணிக்கு நின்ற பெல்ட்

எழுதுவதற்கு எனக்குத் தகுதி ஒன்றும் இல்லை. முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு பேனாவைத் தொட்டதெல்லாம் பனியன் கம்பெனிப் பதிவேட்டில் டிக் போடவும் கையெழுத்துப் போடவும்தான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எழுந்து போய்விடுவேன். ஆனால் ஒருவரிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இனி அவர் எதிரில் நின்று சொல்லும் தைரியம் எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன். அவர் பெயர் வேண்டாம். கம்பெனியில் எல்லோரும் போர்டுக்காரம்மா என்றுதான் சொல்வோம்.

முதல் நாள் அவர் வந்தபோது கையில் ஓர் எவர்சில்வர் டிபன் டப்பா இருந்தது. செக்கிங் டேபிளில் இருந்த பெண்கள், "வேலைக்கு முன்னாடி சாப்பாடாட்ட இருக்குது" என்று தங்களுக்குள் சிரித்தார்கள். அவர் மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளி நிறக் கவரில் சுற்றிய சர்க்யூட் போர்டு இருந்தது. சிரிப்பு காதில் விழுந்திருக்க வேண்டும். "எனக்குச் சோறு போடறதே இதுதானுங்க" என்றார். சொந்த ஊர் கொமரலிங்கம். முப்பது வயது இருக்கும். வேலம்பாளையத்தில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, சுற்றுவட்டாரக் கம்பெனிகளின் மெஷின் போர்டுகளைச் சரி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைவிட நான் பதினைந்து வயது மூத்தவள். ஆனாலும் வாய் தானாக மேடம் என்றது. "மேடமெல்லாம் வேண்டாங்கக்கா" என்று அன்றைக்கே நிறுத்திவிட்டார்.

என் வேலை ஊசி பார்க்கும் மெஷினில். எங்கள் கம்பெனியில் தைப்பது குழந்தைகள் உடுப்பு. தைக்கும்போது ஊசி உடைந்தால் அத்தனை துண்டுகளையும் தேடி எடுத்து, டேப் போட்டுப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். ஒரு முனை குறைந்தாலும் விடக்கூடாது. அது துணிக்குள் இருந்தால் ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு பிள்ளையின் கழுத்தில் குத்தும். அதற்காகத்தான் தைத்து முடித்த ஒவ்வொரு உருப்படியையும் ஒரு பெல்ட்டில் வைத்து, கூண்டு போன்ற சுரங்கத்துக்குள் அனுப்புவோம். உள்ளே இரும்பு இருந்தால் மெஷின் கத்தும். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கடுகு அளவு இரும்புக் குண்டு பதித்த டெஸ்ட் கார்டை மணிக்கு ஒரு முறை விட்டுப் பார்த்து டிக் போட வேண்டும்.

கரண்ட் ஏறி இறங்கியதில் அந்த மெஷினின் போர்டு எரிந்துபோனது. வெளிநாட்டிலிருந்து புதுசு வர மாதக்கணக்காகும் என்றார்கள். மேனேஜர் போர்டுக்காரம்மாவைக் கூப்பிட்டார். எரிந்த போர்டில் அரிசி தெளித்ததுபோல் நிறைய சாமான்கள் இருந்தன. அவர் செய்து கொண்டுவந்ததில் விரல் நகம் அளவு ஒரே ஒரு சிப், சுற்றிலும் இன்னும் கொஞ்சம் சாமான், அவ்வளவுதான். எனக்குப் புரியாது என்று ஒதுக்காமல் விளக்கினார். "சென்சார் குடுக்கற கரண்ட் ரொம்பப் பொடிசுக்கா. அதைப் பெருசாக்கறது, எரைச்சலை வடிகட்டறது, ஊசியா இல்லையான்னு முடிவு சொல்றது, எல்லாம் இந்த ஒரு சிப்புக்குள்ளயே நடக்குது. எதை எதோட சேக்கோணும்னு லேப்டாப்புல இருந்து சொன்னா அது மாத்திக்கும். தப்பாப் போனா ஒயரைப் புடுங்கி மறுக்கா பத்தவைக்கற வேலை இல்லை."

மாட்டிய முதல் வாரம் மெஷின் மானத்தை வாங்கியது. ஒன்றும் இல்லாத சட்டைக்கெல்லாம் கத்தியது. போர்டுக்காரம்மா ஒயர்களைச் சுற்றி மாற்றினார், பக்கத்து அயர்ன் டேபிளை நிறுத்திப் பார்த்தார், திரையில் நெளியும் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் தாண்டிப் போகும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் நாள் போர்டுக்காரம்மா என் பக்கம் திரும்பி, "ஏனுங்கக்கா, இது எப்பெப்பக் கத்துதுன்னு நீங்க கவனிச்சீங்களா?" என்றார். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "மத்தியானத்துக்கு மேலதானுங்க. காலையில சும்மாத்தான் இருக்குது. மேல கூரைத் தகரம் சூடானாக் கத்துது" என்றேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

சூடு ஏற ஏற, மெஷின் 'ஒன்றும் இல்லை' என்று நினைத்துக்கொள்ளும் அளவு மெல்ல மேலே போகிறதாம். மளிகைக் கடைத் தராசில் வெறும் தட்டுக்கு பூஜ்யம் அமுக்குவார்களே, அதுபோல மெஷினே கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பூஜ்யத்தை நகர்த்திக்கொள்ளும்படி ப்ரோக்ராமை மாற்றினார். வெயில் மெதுவாக ஏறும், ஊசி சட்டென்று கடந்து போகும். மெதுவானதை விட்டுவிடு, சட்டென்று வருவதற்குக் கத்து என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்று மாலை வரை மெஷின் ஒரு தப்புச் சத்தம்கூடப் போடவில்லை. "அக்காதான் கண்டுபுடிச்சாங்க" என்று மேனேஜரிடமே சொல்லிவிட்டார். பிறகு என்னிடம், "இது ஏதாவது வினோதமாப் பண்ணுச்சுன்னா ஒரு நோட்டுல எழுதி வைங்கக்கா. உங்க கண்ணுதான் எனக்கு மீட்டர்" என்றார்.

அந்தப் பாராட்டுதான் எனக்கு வினையாகப் போனது. மறுநாளே அயர்ன் மாஸ்டர், "ஏனுங்க இன்ஜினியரம்மா, எங்கூட்டு மிக்சி சுத்த மாட்டீங்குது, வந்து பாக்கறீங்களா?" என்றார். திருநெல்வேலிப் பக்கத்து டெய்லர் பெண் ஒருத்தி, "அக்கா இனி நம்மகிட்டல்லாம் பேசுவாவளா?" என்று ராகம் போட்டாள். அவர்கள் மனதில் ஒன்றும் இல்லை. இன்றைக்கு நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்குக் காது சுட்டது. சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். இனி வாயே திறக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

எங்கள் கம்பெனியில் டீ மணி அடித்தால் இருந்த இடத்தில் அத்தனையும் நிற்கும். நானும் கால் சுவிட்சை விட்டு பெல்ட்டை நிறுத்திவிட்டுப் போவேன். உள்ளே நாலைந்து உருப்படி இருந்தால் இருக்கும். ஒரு நாள் டெஸ்ட் கார்டு சுரங்கத்துக்குள் இருக்கும்போது மணி அடித்தது. டீ குடித்துவிட்டு வந்து பெல்ட்டை ஓட விட்டேன். கார்டு வெளியே வந்தது. மெஷின் கத்தவில்லை. மறுபடி விட்டேன், கத்தியது. இன்னொரு முறை விட்டேன், கத்தியது. நான்தான் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று நினைத்தேன். நோட்டை எடுத்தேன். அயர்ன் மாஸ்டர் இந்தப் பக்கம் பார்ப்பதுபோல் இருந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டுப் பதிவேட்டில் டிக் போட்டேன்.

அதற்கு நாலாம் நாள் மத்தியானம் மூன்று மணி வாக்கில் ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைந்தது. இரண்டு துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. தரையெல்லாம் காந்தம் வைத்துத் துழாவினார்கள். அந்த மெஷினில் தைத்த துணிக்கட்டு முழுவதையும் என்னிடம் அனுப்பினார்கள். பாதி உருப்படி போய்க்கொண்டிருந்தபோது டீ மணி அடித்தது. வழக்கம்போல நிறுத்தினேன். வந்து மீதியை விட்டேன். ஒன்றும் கத்தவில்லை.

மேனேஜர் வந்தார். "ஏம்மா, மெஷின் கத்துச்சா?"

"இல்லீங் சார்."

"அப்புறம் என்ன? ஊசி எங்கியாச்சும் சந்துல பூந்திருக்கும். துணி சுத்தம்னு எழுதிக் கையெழுத்துப் போடு. ஆறு மணிக்கு லாரி வருது."

போட்டேன். அந்தக் கட்டு பெட்டிகளுக்குப் போனது. நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அந்த டெஸ்ட் கார்டு ஞாபகம் வந்தது. பேக்கிங்கில் டேப் ஒட்டும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பெட்டி மூடுகிறது என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். மாடிப்படிக்குக் கீழே போய் போர்டுக்காரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"கண்ணு, நாந்தான். கொஞ்சம் வர முடியுமுங்களா?"

"ஏனுங்கக்கா, குரலே ஒரு மாதிரி இருக்குது?"

"வந்துட்டுப் போ கண்ணு."

அரை மணி நேரத்தில் ஸ்கூட்டர் வந்தது. ஊசி முனை கிடைக்காததையும் டீ மணிக்கு பெல்ட் நின்றதையும் மட்டும் சொன்னேன். அவர் டெஸ்ட் கார்டைச் சுரங்கத்துக்குள் விட்டு, பெல்ட்டை நிறுத்தி, கைகட்டி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஓட விட்டார். கார்டு சத்தமில்லாமல் வெளியே வந்தது. இன்னும் இரண்டு முறை செய்தார். முகம் வெளுத்துவிட்டது. "பெல்ட் நின்னாப் பூஜ்யத்தை நகத்தாதேன்னு நான் எழுதவே இல்லைக்கா. ஊசியோட சேத்துப் பூஜ்யம் பண்ணிக்குது" என்றார். சர்க்கரையைத் தட்டில் வைத்துவிட்டுப் பூஜ்யம் அமுக்கியது போல. பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் இப்படிப் பண்ணுச்சாக்கா?"

"இல்லீங்க" என்றேன்.

கால் சுவிட்சிலிருந்து சிப்பில் சும்மா இருந்த ஒரு கம்பிக் காலுக்கு ஒரே ஒரு ஒயர். ப்ரோக்ராமில் சில வரிகள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. நாலு நாளைக்கு முன்னால் நான் நோட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் இதே இருபது நிமிடம்தான் ஆகியிருக்கும், யாருக்கும் தெரியாமல் முடிந்திருக்கும். ஒயரைப் பற்றவைத்துவிட்டு அவர் நேராக மேனேஜர் அறைக்குப் போனார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மேனேஜர் எழுந்து நின்று கத்தினார். "தப்பு என்னுதுங்க சார், பெட்டியைப் பிரிச்சே ஆகோணும்" என்று அவர் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. என்னை அவர் பேச்சில் இழுக்கவே இல்லை. வந்த லாரி காலியாகத் திரும்பிப் போனது.

இப்போது வேறு மெஷின், முழுதும் வெளிநாட்டுச் சரக்கு. அதிலும் நான்தான் டிக் போடுகிறேன். டீ மணி அடித்தால் சுரங்கம் காலியாகும் வரை நிற்கிறேன். டீ ஆறிப்போகிறது என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். ஆனால் அந்த 'இல்லீங்க' மட்டும் காதிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர் தன் தப்பை மேனேஜர் எதிரில் நின்று சொன்னார். என் தப்பை அவர் ஒருவரிடம்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

லாரி காலியாகப் போன மறுநாள் காலை எட்டரை மணிக்கு அந்தச் சரக்கின் பெட்டிகளையெல்லாம் பிரித்து, ஒவ்வொரு உருப்படியாக விட ஆரம்பித்தோம். பதினொன்றேகாலுக்கு மெஷின் கத்தியது. ஒரு மஞ்சள் சட்டையின் கழுத்துப் பட்டி மடிப்பில் ஊசி முனை இருந்தது. எடுத்து டேப் போட்டுப் பதிவேட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். மத்தியானம் மேனேஜர் புது மெஷினுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, அந்தப் பொண்ணை இனிமேல் கூப்பிட வேண்டாம் என்றார். சாயங்காலம் போர்டுக்காரம்மா போன் செய்து, "கெடச்சுதுங்களாக்கா?" என்று கேட்டார். கிடைத்தது என்றேன். "அப்பாடா" என்று சொல்லி வைத்துவிட்டார்.