தயங்கிய எலக்ட்ரான்

என் முனைவர் பட்ட ஆய்வு ஏழு வருடம் நடந்தது. நான் அளந்த நிகழ்ச்சியோ, ஒரு நொடியை லட்சம் கோடித் துண்டாக நறுக்கினால் அதில் மூன்று துண்டு நேரத்தில் முடிந்துவிடும். ஊதா பாக்டீரியா ஒன்றின் புரதத்தில் வெளிச்சம் பட்டதும் ஓர் எலக்ட்ரான் ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தாவும். அந்தத் தாவலைப் பார்க்க, தெலுங்கு ஊரில் கணவர் வேலைக்குக் கிடைத்த மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஆய்வகத்துக்கு மெட்ரோவும் ஷேர் ஆட்டோவுமாக தினம் ஒன்றரை மணி நேரம் போவேன்.

ஆய்வில் சேர்ந்த வருடம் பிறந்த மகள், நான் வீட்டுக்குள் நுழைந்ததும் தெலுங்கில் கேட்பாள்: "அம்மா, எலக்ட்ரான் போயிந்தா?"

"போயிடுச்சு" என்பேன். அப்புறம் நாளைக்கு எதற்குப் போகிறாய் என்பது அடுத்த கேள்வி. என் மாமியார் இதையே தமிழில் கேட்டிருக்கிறார்.

என் ஆய்வின் பெருமையெல்லாம் நான்காவது அத்தியாயத்தில் இருந்தது. எல்லோருடைய எலக்ட்ரானும் நேராகப் போனது. எங்களுடையது போகும் முன் முன்னும் பின்னுமாக ஆடியது. கிராஃபில் அந்த ஆட்டம் அலை அலையாகத் தெரியும். என் நெறியாளர் கோவைக்காரர். "நம்ம எலக்ட்ரான் யோசிச்சுத்தான் போகும் அம்மிணி" என்று சொல்லிக்கொண்டு அந்தக் கிராஃபோடு நாலு நாடு போய்க் கைதட்டல் வாங்கி வந்தார்.

அப்போதுதான் கணவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. பள்ளி விடுமுறைக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் ஊரைவிட்டுப் போனால் பட்டம் கிடைத்த மாதிரிதான்.

எங்கள் ஆய்வகத்தில் திரவத்தை ஊற்றி லேசரில் காட்ட இரண்டு சின்னக் கண்ணாடிப் பெட்டிகள் இருந்தன. செல் என்போம். ஒன்று நல்லது, படிகத்தில் செய்தது. மற்றது சாதாரணக் கண்ணாடி, கீறல் விழுந்த பழசு. புரதத்தை அளக்கும் முன், புரதம் கலக்காத வெறும் உப்புக் கரைசலை அளந்து அதைக் கழித்துவிட வேண்டும். அதற்குப் பெயர் பிளாங்க். இரண்டையும் ஒரே செல்லில் அளக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் புரதத்தைப் பிரித்தெடுக்க மூன்று வாரம் ஆகும். அதற்கு நல்ல செல். வெறும் கரைசலுக்குப் பழசு போதாதா? நல்ல டம்ளரை விருந்தாளிக்கு எடுத்து வைத்துவிட்டு நெளிந்ததில் காபி குடிக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான்.

ஆய்வேட்டை முடிக்கிற நேரத்தில், கழுவும்போது பழைய செல் கைதவறி உடைந்தது. வேறு வழியில்லாமல் நல்ல செல்லில் வெறும் கரைசலை ஊற்றினேன். திரையில் அதே அலை. புரதம் இல்லை, எலக்ட்ரான் இல்லை, தயக்கம் மட்டும் அப்படியே இருந்தது. செல்லைக் காலியாக வைத்தும் அளந்தேன். அப்போதும் ஆடியது. லேசர் பட்டு ஆடிக்கொண்டிருந்தது செல்லின் சுவர். பழைய செல் இப்படி ஆடாததால், அதை வைத்துக் கழித்தபோதெல்லாம் இந்த அலை கழியாமல் நின்றிருக்கிறது.

யாரும் பார்க்கவில்லை. தேர்வாளர்கள் வந்து செல்லைக் கழுவிப் பார்க்கப் போவதுமில்லை. காலிச் செல்லின் கிராஃபைப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் மெட்ரோவில் போய் வந்தேன். ஐந்தாவது நாள் நெறியாளர் அறைக்குப் போனேன். அதிர்ந்து போய்விடுவாரே என்று தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

"சார், ஆடுனது எலக்ட்ரான் இல்ல. செல்லோட சுவர்."

கிராஃபை வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு அம்மிணி."

"எப்ப இருந்து சார்?"

"ரெண்டு வருசம் இருக்கும். அதுக்குள்ள ஊரெல்லாம் சொல்லிப்போட்டமே. நீயே கேப்பேன்னு இருந்தேன்."

அந்த இரண்டு வருடத்தில் மகளின் பள்ளி ஆண்டு விழா இரண்டுக்கும் போகாமல் அந்தச் சுவரைத்தான் அளந்துகொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பாட்டிலை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

"இப்ப என்ன பண்றது சார்?"

"நாலாவது அத்தியாயத்த எடுத்துரு. மிச்சம் நிக்கும்."

நின்றது. எலக்ட்ரான் நேராகத்தான் போகிறது என்று, ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததை நூற்றிருபது பக்கத்தில் நிரூபித்தேன். கடைசியாக எழுத வேண்டியது நன்றியுரை. 'தம் சந்தேகத்தை இரண்டு வருடம் என்னிடம் சொல்லாமல் பொறுமை காத்த நெறியாளருக்கு' என்று தட்டிப் பார்த்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அதை அழித்துவிட்டு, 'உண்மையிலிருந்து இம்மியும் விலகாமல் என்னை நடத்திய நெறியாளருக்கு' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். நானும் சிரித்தேன்.