தரைக்காரன் சொன்ன முன்னோட்டம்

1. முதல் நாள்

டிவிக்காக ரோபோக்கள் சண்டை போடும் கூடத்தில் எனக்குக் கிடைத்த வேலை, தரையைப் பார்த்துக்கொள்வது. பார்ப்பவர்களுக்கு ரோபோ தெரியும், தீப்பொறி தெரியும், கத்துகிற கூட்டம் தெரியும். அடியில் கிடக்கும் ஸ்டீல் பிளேட்டுகள் யார் கண்ணிலும் படாது. படாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் நான்.

சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பம்ப்செட் பட்டறையில் வெல்டிங் பழகினேன். அக்கா ஸ்பான்சர் செய்து கிரீன் கார்டில் வந்து, லிவர்மோரில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் பல வருடம் ஓட்டினேன். இந்த நிகழ்ச்சிக்கு வெல்டர் கேட்கிறார்கள் என்று ஷாப் முதலாளிதான் அனுப்பிவைத்தார். மலை தாண்டி ஒன்றே கால் மணி நேர டிரைவ். ஒரு பழைய விமானக் கொட்டகையில் ஷூட்டிங்.

முதல் நாளே, எங்கள் ஃபோர்மேன் ஹேங்க் என்னை அரங்கத்தின் நடுவில் நிறுத்திவைத்துப் பேசினார். அவர் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். மற்றவர்கள் பேச்சும் அப்படியே.

“இங்க ஒரே ரூல்தான். ரோபோ ரோபோகிட்ட தோக்கலாம், தரைகிட்ட தோக்கக்கூடாது. தோத்துச்சுன்னா தரைக்காரன் வீட்டுக்குப் போகணும். உனக்கு முன்னாடி இருந்தவன் அப்படித்தான் போனான்.”

நான் ஃப்ரீவேயில் பாதி தூரம் போன பிறகு கராஜ் கதவை மூடினேனா என்று திரும்பி வருகிற ஆள். என்னிடம் போய் இதைச் சொன்னார்.

2. பூ, கீறல், குழி, ஐயோ

பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. தினமும் காலையில் காபியோடு பிட்டுக்குப் போவேன். பிட் என்பது அணிகள் ரோபோவைப் பிரித்துப்போட்டு வேலை பார்க்கும் இடம். அன்றைக்குச் சண்டை போடப்போகும் ஒவ்வொரு ரோபோவையும் சுற்றி வந்து, இது என் தரையை என்ன செய்யும் என்று நோட்டில் தமிழில் எழுதுவேன். நான்கு கிரேடு. பூ என்றால் ஒன்றும் ஆகாது. அப்புறம் கீறல், குழி. கடைசி கிரேடு, ஐயோ.

சில பக்கங்கள் இப்படி இருக்கும்:

சண்டே டோஸ்ட்: நெருப்பு கக்கும். பார்க்கத்தான் பயங்கரம். தரைக்கு வெறும் கரி. ஈரத்துணி போதும். பூ.

மிஸஸ் ஹிக்ஸ்: எதிரிக்கு அடியில் கை விட்டுத் தூக்கிப் போடும். தூக்குவதால் நமக்குக் கேடில்லை. எறியப்பட்டது எங்கே விழும் என்பதுதான் கவலை. கீறல். எதிரி கனமாக இருந்தால் குழி.

நோ நோ நோ: சுத்தியல். எதிரி நகர்ந்துவிட்டால் அடி முழுக்க என் தரைக்கு. ஓட்டுகிறவர் அவசரக்காரர், காபியையே நின்றபடி மூன்று மடக்கில் முடிக்கிறார். மூன்று குழி வைத்துக்கொள்ளலாம்.

பார்ன் டோர்: டெக்சஸ். தலைக்கு மேல் நீளமான இரும்புப் பட்டை படுக்கைவாட்டில் சுற்றும். கொஞ்சம் சாய்ந்தாலும் பட்டை தரையில் இறங்கும். இரண்டு பிளேட் வெட்டித் தயாராக வைக்கவும். ஐயோ.

ஒருநாள் ஜென்னா இதைப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் ஆன்லைனில் போடும் முன்னோட்ட வீடியோவைத் தயாரிப்பவர் அவர். என்ன எழுத்து, என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

“எங்க எக்ஸ்பர்ட் எல்லாம் யார் ஜெயிப்பாங்கன்னு சொல்றாங்க. பாதி தப்பா போகுது. நீ என்ன உடையும்னு சொல்ற. அது கரெக்டா உடையுது. நாளையிலருந்து கேமரா முன்னாடி சொல்லு.”

மாட்டேன் என்று மூன்று முறை சொன்னேன். நான்காம் நாள் கேமரா முன்னால் நின்றேன். நோட்டைப் பார்த்துப் படித்ததுதான். ஆனால் இரண்டே வாரத்தில், ரோபோ ஏதாவது பறந்து போய் விழுந்தால் கூட்டம் மொத்தமும் “ஐயோ!” என்று கத்த ஆரம்பித்தது. வெள்ளைக்காரர், சீனர், மெக்சிகோக்காரர் எல்லாரும். பார்ன் டோரின் கேப்டன் வேட், டெக்சஸ் எண்ணெய்க் கிணறுகளுக்குக் குழாய் வெல்டிங் செய்கிறவர், ஆறடி நாலு அங்குலம். தன் டீ-ஷர்ட்டில் தமிழிலேயே “ஐயோ” என்று பிரிண்ட் அடித்துக்கொண்டு வந்தார்.

இதில் ஷபானாவுக்குத்தான் வருத்தம். ஷபானா நியூ ஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருப்பவர். சொந்த ஊர் கீழக்கரை. மருந்துக் கம்பெனியில் மாத்திரை பேக் செய்யும் மெஷின்களுக்கு இன்ஜினியர். அவரும் கணவர் நசீரும் கராஜில் செய்த ரோபோவின் பெயர் வெட் கிரைண்டர். முன்னால் ஒரு இரும்பு டிரம் சுற்றும். அதற்கும் முன்னால் தரையோடு ஒட்டி இரண்டு மெல்லிய ஃபோர்க். ஃபோர்க் எதிரியை அடியிலிருந்து நெம்பும், டிரம் வாங்கி அடிக்கும்.

“கோயம்புத்தூர்க்காரன்கிட்டயே கிரைண்டர் காட்டறீங்களா?” என்று முதல் நாள் கேட்டேன்.

“உங்க ஊரு கிரைண்டர் மாவ ஆட்டும் அண்ணே. இது ஆளையே ஆட்டும்.”

வெட் கிரைண்டருக்கு நான் கொடுத்த கிரேடு, கீறல். வீடியோ வந்த அன்றே என்னோடு சண்டைக்கு வந்துவிட்டார். “என்னண்ணே இது, வேடுக்கு ஐயோ, எனக்கு வெறும் கீறலா? எங்க வாட்ஸப் குரூப்பில ஓட்டுறாங்க. ஒரு குழியாச்சும் போட்டுக் குடுங்க!”

“தங்கச்சி, தரைக்கு நல்லது பண்றவங்களுக்குத்தாங்க கம்மி கிரேடு.”

“ஆமா, பரீட்சையில கம்மி மார்க் வாங்கினப்ப எங்க உம்மாகிட்ட நான் சொன்னதும் இதேதான்.”

3. செமிஃபைனல் காலை

செமிஃபைனல், வெட் கிரைண்டருக்கும் பார்ன் டோருக்கும்.

முந்தின நாள் கடைசிச் சண்டையில், எழுதிவைத்தபடியே, பார்ன் டோரின் பட்டை தரையில் இறங்கி ஒரு பிளேட்டைக் கிழித்திருந்தது. நான் வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைத்தேன். நாலு மணிக்கு மேல் ஃப்ரீவேயில் ஏறினால், டிராஃபிக்கில் மாட்டி வீடு போய்ச் சேர முடியாது. அந்த அவசரத்தில், விட்டு விட்டு ஓட்டவேண்டிய வெல்டிங்கை ஒரே ஓட்டமாக ஓட்டினேன். ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்கிற நேரான இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தேன், சமமாகத்தான் இருந்தது. தரை சரி என்று ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

காலையில் அரங்கத்துக்குள்ளேயே முன்னோட்டம் எடுக்கலாம் என்றார் ஜென்னா. ஷபானா ஒரு ஸ்பேர் ஃபோர்க் கொண்டுவந்திருந்தார். அது எவ்வளவு தரையோடு ஒட்டிப் போகும் என்று காட்ட, நான் முட்டி போட்டு அதைத் தரையில் தள்ளிக்கொண்டே பேசினேன்.

தட்.

ஃபோர்க் நின்றுவிட்டது. கை நழுவியது என்று நினைத்து மறுபடி தள்ளினேன். அதே இடத்தில், தட்.

புது பிளேட்டின் மூலை ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு எழும்பியிருந்தது. நேற்று நான் பார்த்தபோது பிளேட் சூடாக இருந்தது. ஆறும்போது இரும்பு இழுத்துவிட்டது. பட்டறையில் சேர்ந்த முதல் வருடமே தெரிந்த விஷயம். ஓடி வரும் ரோபோவின் ஃபோர்க் அதில் மாட்டினால், ஒன்று ஃபோர்க் வளையும், இல்லையென்றால் ரோபோ அப்படியே நின்று அடி வாங்கும்.

“மாட்டுதாண்ணே?” என்றார் ஷபானா மெதுவாக.

“மாட்டுதும்மா.”

“நேத்து வெச்ச பிளேட்டா?”

“நான்தான் வெச்சேன். சரின்னு கையெழுத்தும் போட்டுட்டேன்.”

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அங்கே எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. ஏதோ ஊர்க்கதை பேசுகிறோம் என்று ஜென்னா சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஹேங்க் சொன்ன ரூல் ஷபானாவுக்கும் தெரியும். பிட்டில் எல்லாருக்கும் தெரியும்.

“சிரிச்ச முகமா இருங்கண்ணே. உங்க வேலைக்கு ஆபத்துன்னா சொல்லாதீங்க. எனக்குத்தான் இடம் தெரிஞ்சிருச்சே. நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

பொய் சொல்லமாட்டேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. சரிம்மா என்று தலையைக்கூட ஆட்டிவிட்டேன். அவர்தான் அடுத்த நொடி நெற்றியில் கை வைத்தார்.

“இல்லண்ணே, இது சரிவராது. எனக்குத் தெரியும், வேடுக்குத் தெரியாது. அவர் ரோபோவோட முன் தகடும் தரையோடதான வருது? நான் வாங்கற ஒவ்வொரு அடிக்கும் அவர இந்த மூலைக்குத் தள்ளத்தான் என் கை போகும். கள்ள ஆட்டமாப் போயிரும்.”

“ஆமாம்மா.”

“நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?”

“நான்தாம்மா சொல்லணும்.”

கேமராவைப் பார்த்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், “நிறுத்துங்க. தரை சரியில்லை. நான் செய்த தப்பு” என்றேன். முட்டி போட்டவன் எழுந்திருக்கவில்லை.

4. ஆறட்டும்

ஹேங்க் வந்து விரலால் மூலையைத் தடவினார். என்னைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். “இன்னும் ஒரு மணி நேரத்துல கூட்டம் உள்ள வருது” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அதற்குள் வேட் வந்து தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “உன் பிளேட்ட உடைச்சது என் பட்டைதான? அப்ப இது நம்ம ரெண்டு பேர் வேலை.”

இந்தச் சண்டை உலகத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். எதிரியின் மோட்டார் எரிந்துபோனால், தன் ஸ்பேர் மோட்டாரைக் கொடுத்து, நிமிர்த்தி நிறுத்தி, அப்புறம்தான் அடிப்பார்கள். ஓடாத ரோபோவை ஜெயிப்பதில் யாருக்கும் ருசி இல்லை. வேட் தன் டிரெய்லரிலிருந்து காந்த டிரில்லைத் தூக்கி வந்தார். மூலையில் இருந்த வெல்டிங்கை நான் கையில் பிடிக்கும் கிரைண்டரால் அறுத்துவிட்டேன். அவர் துளை போட, கீழே இருக்கும் பீமோடு சேர்த்து, தலை உள்ளே புதைகிற போல்ட் இரண்டைப் போட்டு இறுக்கினோம். அப்புறம் வெல்டிங்கை ஓர் அங்குலம் ஓட்டுவது, நிறுத்துவது, எதிர்ப்பக்கம் ஓர் அங்குலம். நசீர் ஏர் ஹோஸைப் பிடித்து ஊதிக்கொண்டே இருந்தார்.

வேலை முடிந்தபோது கூட்டம் உட்கார்ந்துவிட்டது. ஹேங்க் அவசரப்பட்டார். “சமமா இருக்கு. போதும், கிளம்பு.”

“சூடா இருக்குங்க.”

“ஆறிடுச்சுப்பா!”

“கை வெச்சுப் பாருங்க.”

வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். ஒரு நிமிடம் என்னை முறைத்துவிட்டு, பெருமூச்சோடு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

மைக் வைத்திருந்த அறிவிப்பாளர், “இன்றைய முதல் போட்டி, ஒரு இரும்புப் பிளேட்டுக்கும் பொறுமைக்கும்!” என்று வர்ணனையை ஆரம்பித்தார். கூட்டம் பிளேட்டுக்குக் கைதட்டியது. நசீர் டப்பாவைத் திறந்து, கீழக்கரையிலிருந்து வந்த தொதல் என்கிற ஒட்டும் இனிப்பைக் கொடுத்தார். வேட் ஒரு துண்டை நெடுநேரம் மென்றார். “இனிப்பு ஜோர். ஆனா வாய் திறக்க வரல. இத என் கியர்பாக்ஸ் சீலுக்குப் போடலாமா?”

“போடுங்க, அப்புறம் உங்க கியர்பாக்ஸ யாராலயும் கழட்ட முடியாது” என்றார் ஷபானா.

ஜென்னா கேமராவை அணைக்கவே இல்லை. முன்னோட்டம் பாதியில் நிற்கிறதே, சொல்லு என்றார். எனக்கு நோட்டைப் பார்க்கும் தெம்பு இல்லை. இவர்கள் இருவருமே ஒருவர் ரோபோவைப் பற்றி மற்றவர் சொல்லட்டும் என்றேன்.

வேட் சொன்னார்: “இவங்க டிரம் சின்னது, சட்டுனு வேகம் எடுத்துரும். அதான் எனக்குப் பயம். என் பட்டை வேகம் எடுக்கறதுக்குள்ள இவங்க வந்து ஒட்டிக்கிட்டா நான் காலி.”

ஷபானா சொன்னார்: “அவர் பட்டை முழு வேகத்துக்கு வர ஒன்பது செகண்ட் ஆகுது. நான் வீடியோவில எண்ணி வெச்சிருக்கேன். ஏழாவது செகண்ட்ல நான் அங்க இருக்கணும்.”

“ஒன்பது இல்ல, எட்டு. புது பேட்டரி.”

“அட, இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க?”

“நீங்க ரெண்டு பேரும் பிளேட்டப் பத்தி மறைக்காம சொன்னீங்கள்ல.”

நாற்பது நிமிடம் கழித்துப் பிளேட் கைக்குச் சில்லென்றிருந்தது. ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து, அடியில் இடைவெளி பார்க்கும் மிக மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. ஃபோர்க்கைத் தள்ளினேன். சத்தமே இல்லாமல் போனது. கட்டை விரலைத் தூக்கினேன். கூரை இடிகிற மாதிரி கூட்டம் கத்தியது. அவ்வளவு பேர் ஒரு வெல்டிங்குக்குக் கத்தி நான் கேட்டதில்லை.

சண்டைக்கு நேரம் மூன்று நிமிடம். ஷபானா சொன்னபடி ஏழாவது செகண்டில் போய் ஒட்டிக்கொண்டார். பார்ன் டோர் இரண்டு முறை பறந்தது, இரண்டு ஐயோ. இரண்டாவது நிமிட முடிவில், சரியாக என் பிளேட் பக்கத்தில், வெட் கிரைண்டரின் டிரம் நின்றுபோனது. அப்புறம் பட்டை வந்து அடித்த அடியில் அது எழுந்திருக்கவில்லை.

கதவு திறந்ததும் ஸ்ட்ரெயிட் எட்ஜோடு ஓடினேன். தரையைத் தடவினேன். ஷபானா வந்து என் முன்னால், டிரம்மைச் சுழற்றும் பெல்ட் அறுந்துபோயிருந்ததை ஆட்டிக் காட்டினார்.

“தரைய விடுங்கண்ணே, இதப் பாருங்க. பல்லு பல்லா பிய்ச்சுக்கிச்சு! என்னா சண்டை! அடுத்த வருஷம் ரெண்டு பெல்ட் போட்டுட்டு வர்றேன்.” தோற்றவர் மாதிரி முகமே இல்லை. வேட் அவரையும் நசீரையும் சேர்த்து அப்படியே தூக்கிவிட்டார்.

நான் அரங்கத்துச் சாவியை ஹேங்கிடம் நீட்டினேன். தப்பைச் செய்தது நான்தானே.

“எங்க கிளம்பற?” என்றார்.

“தரை...”

“எந்த ரோபோவாவது இன்னைக்குத் தரைகிட்ட தோத்துச்சா?”

“இல்லைங்க.”

“அப்புறம்? ஃபைனலுக்கு நாலு பிளேட் மாத்தணும். காலைல சீக்கிரம் வா. அவசரப்படாம வேலைய முடிச்சிட்டு, வீட்டுக்கு டிராஃபிக்ல போய்க்க.”

வெல்டிங் வேலைக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பிளேட்டைச் சூட்டோடு பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். தப்பென்று தெரிந்தால், கேமரா ஓடினாலும் சொல்லிவிடுங்கள். இரும்பு ஆறும்வரை பக்கத்தில் உட்காருங்கள். யாராவது வந்து அவசரப்படுத்தினால், கை வைத்துப் பார்க்கச் சொல்லி, அவரையும் உட்கார வையுங்கள்.