பத்தாயிரத்து ஏழு பனங்கொட்டை

பாபநாசத்துப் பக்கத்து வீரையன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். நாற்றுக்கட்டு சுமந்த கூலிக்காரர் இன்று ஒரு வேலி, ஏறக்குறைய ஏழு ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர். கயிறு பிடிக்காமல் கண்ணாலேயே வரிசை பிடித்து நடுவார். அவர் வயலுக்குப் பக்கத்தில் மெஷின் நட்ட வயல் கோணலாகத் தெரியும். இதை அவரே சொல்வார். தகுதி உள்ளவன் சொன்னால் என்ன தப்பு?

ஊர்த் திடலில் பனை வைக்கலாமென்று ஊரே கொட்டை பொறுக்கி, அரிசிக்கடை ஜெக்கரியா மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் குவித்தது. எண்ணினால் பத்தாயிரத்து ஏழு.

“எத்தனை இருந்தா என்ன பாய்? வரிசைக்கு வரிசை ஒரே எண்ணிக்கையா, ஒண்ணு மிச்சமில்லாம நட்டுக் காட்டுறேன்” என்றார் வீரையன்.

“மிச்சம் விழுந்தா?”

“எனக்குத் தெரியலைன்னு கடைத்தெருவுல நின்னு சொல்றேன்.”

எழுபத்திரண்டு வயதுவரை அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை.

“வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் வர்றேண்ணே. இப்பவே காது குறுகுறுங்குது” என்றார் ஜெக்கரியா.

அன்றிலிருந்து வாய்க்கால் மதகில் உட்கார்ந்து கண்ணை மூடினால் போதும், பனைகள் நடந்து வந்தன. ஏழு ஏழாக நின்றன, நாலு ஒதுங்கிக்கொண்டன. பதினொன்று பதினொன்றாக நின்றன, எட்டு மிச்சம். இருபத்து மூன்றுக்கு இரண்டே இரண்டுதான் மிச்சம். மனசு துள்ளியது. இருபத்தொன்பதுக்கும் அதே இரண்டு, தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு இவரைப் பார்த்தபடி நின்றன.

ஒவ்வொன்றாக நூறுவரை பார்த்து நிறுத்திக்கொண்டார்; நூறு வரிசைக்கு நூறு மரம் என்றாலே பத்தாயிரம் ஆகிவிடுகிறது. வரிசை அதற்குமேல் கூடினால் வரிசைக்குள் இருக்கும் மரம் நூறுக்கும் கீழே குறையும். குறுக்கு வரப்பில் நின்று பார்த்தால் ஏற்கெனவே பார்த்துக் கழித்த பழைய வரிசையேதான். இது நட்டவனுக்குத் தெரியும். ஆக, இந்த எண் எதற்கும் பிரியாது.

வியாழக்கிழமை ஜெக்கரியாவே மதகுக்கு வந்தார். “முகமே சரியில்லையே. ஒண்ணை ஆத்துல வீசுங்கண்ணே, ரெண்டு வரிசையா சரியா பிரியும். நான் மூச்சு விடமாட்டேன்.”

“கூலிக்கு நட்டப்பவே ஒரு நாத்தை ஒளிச்சவன் இல்ல நான். போங்க பாய்.”

அவர் போனபின் மறுபடி கண்ணை மூடினார். இந்தமுறை பனைகள் அணிவகுக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், ஆற்றோரம் கிழக்கே நடந்தன. ஒன்றுகூட ஒதுங்கவில்லை.

மறுநாள் கடைத்தெருவில் கூட்டம் கூடியிருந்தது. வீரையன் சொன்னார்: “திடல் வேணாம். ஆத்தங்கரையில ஒரே வரிசை.”

“இது போங்கு” என்றார் ஜெக்கரியா.

“மிச்சம் எங்க, காட்டுங்க.”

ஜெக்கரியா விரல் மடக்கிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தார். “சரி, பத்தடிக்கு ஒண்ணுன்னாலும் முப்பது கிலோமீட்டர் வருதேண்ணே. எத்தனை ஊர்க்காரன்கிட்ட கேக்கணும்?”

“கேப்போம். வீரையன் நடுறான்னா எவன் வேணாம்பான்?”

அன்று மாலை இருவரும் முதல் கொட்டையைப் புதைத்தார்கள். பத்தடி நடந்தார்கள். வெயில் தாழ்ந்து ஆறு மஞ்சளாக ஓடியது. அடுத்த குழி தானாகவே அங்கே இருப்பதுபோல் வீரையன் குனிந்தார்.