ஒரு வீடு, மூன்று பெயர்

வடிவம்மாள் அக்காவின் வீட்டுக்குக் கரண்டும் தண்ணீரும் வராமல் இழுத்தடித்ததில் பாதிக் குற்றம் என்னுடையது. அதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் முழுக் குற்றமும் என்னுடையது என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

மலையாள ஊரான கரமனையில் ஒரு லைன் வீட்டில் அவர் நான்காம் நம்பர், நான் ஐந்தாம் நம்பர். அக்கா தம்பானூர் ஹோட்டல் ஒன்றில் இருபத்தாறு வருடமாகத் தோசை சுடுகிறார். அவரும் கொத்தனாரான லிங்கம் அண்ணனும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில், பூவார் பக்கம் காயலுக்கு நடுவே ஒரு துருத்தில் நாலு சென்ட் வாங்கினார்கள். துருத்து என்றால் சின்னத் தீவு. மொத்தமே பதினொரு வீடுகள், போய்வர ஒரு தோணி. அண்ணன் தன் கையாலேயே பன்னிரண்டாவது வீட்டைக் கட்டினார். வைகாசியில் பால் காய்ச்சிக் குடியேறினார்கள்.

அப்போது மகள் அஜிதாவுக்கு நாகர்கோவிலில், புகுந்த வீட்டில், நாலு மாதம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சம்பந்தியம்மா நாகலக்ஷ்மி நல்ல மனுஷிதான், ஆனால் மனதில் இருப்பதை அப்படியே கேட்டுவிடுவார்.

"ஆவணியில வளைகாப்பு. அதுக்குள்ள லைட்டும் பைப்பும் வந்தா பிள்ளயக் கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா பேறு இங்கதான். பச்சப்பிள்ளய இருட்டுல வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. துருத்தில் கிணற்று நீர் உப்பு. ஹோட்டலில் போனைச் சார்ஜ் போட்டு, இரண்டு கேனில் தண்ணீர் பிடித்து, பஸ்ஸிலும் தோணியிலும் தினமும் சுமந்துகொண்டிருந்தார் அக்கா. கண்டக்டர் கேனுக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னாராம்.

மலையாளம் பேசுவாரே தவிர, அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாலை என்கிற கடைத்தெருவில் துணிக்கடையில் பில் போடும் எனக்குத் தெரியும். அதனால் விண்ணப்பங்களை நான் எழுதினேன். கரண்டு விண்ணப்பத்தின் இரண்டாவது வரியிலேயே வீட்டுப் பெயர் கேட்டிருந்தது. இந்த ஊரில் மனிதருக்குப் பெயர் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு இருக்கும். நமக்கு ஏது? கேட்டதும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அஜிதா பவன்னு போடு, அஸ்வதி."

இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர் விண்ணப்பம். போனில் கேட்டேன். அப்போதுதான் குமாரகோவிலில் கும்பிட்டு வந்திருந்தார். முருகவிலாசம் என்றார். சமையல் கேஸ் விண்ணப்பத்தின்போது அதுவும் பழசாகிவிட்டது. காயல் நிவாஸ். இருபத்தாறு வருடம் நான்காம் நம்பராக இருந்தவருக்குப் பெயர் வைக்கிற ருசி விடவில்லை. எனக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும். இல்லை. மூன்றையும் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அக்கா வேலை நேரத்தில் போனை எடுக்கமாட்டார் என்று என் நம்பரையே வேறு போட்டேன்.

ஆனி போனது. ஆடியும் முக்கால்வாசி போனது. யாரும் வரவில்லை. வளைகாப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, லீவு போட்டு அக்காவோடு கரண்டு ஆபீசுக்குப் போனேன்.

அங்கிருந்த பெண் அதிகாரி ஃபைலைப் புரட்டினார். இடம் பார்க்க வந்த ஆள் வீட்டுப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டாராம். அஜிதா பவன் என்று ஒரு வீடே துருத்தில் இல்லை என்று தோணிக்காரர் அஜீஷ் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அனுப்பிவிட்டாராம். இந்த நம்பருக்கு மூன்று தடவை கூப்பிட்டோம், எடுக்கவில்லை என்றார். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும் என்று புது நம்பர் எதையும் நான் எடுப்பதில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

"அப்பம் தண்ணிக்கும் இதே கதயாக்கும்" என்றேன். "முருகவிலாசத்தத் தேடியிருப்பாங்க."

அக்கா திடீரென்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யோ, முருகவிலாசமா? அந்த சாரு எங்கிட்டதான்டி கேட்டாரு! தோணியில எம்பக்கத்துல இருந்து கேட்டாரு. அங்ஙனெ ஒரு வீடு இவிடெ இல்லா சாரேன்னு நானே பறஞ்சு விட்டேன். வெயில்ல அலஞ்ச மனுஷனாச்சேன்னு வடையும் குடுத்தேன்!"

ஆபீசே சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று அழுதுவிட்டார்.

"எம்பிள்ள வாறதுக்கு நானே வழிய அடச்சிட்டேனே, மேடம்."

அந்த அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, நாற்காலியை இழுத்துப்போட்டு அக்காவை உட்கார வைத்தார். மூன்றும் ஒரே வீடுதான் என்று பஞ்சாயத்து வீட்டு நம்பரைப் போட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். எந்தப் பெயரை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு அக்கா, "மேடமே ஒண்ணு எழுதிக்கோங்க, எனக்கு லைட் வந்தாப் போதும்" என்றார்.

அதே கடிதத்தைத் தண்ணீர் ஆபீசிலும் கொடுத்தோம். அஜீஷுக்கு மனம் கேட்கவில்லை. கம்பியையும் ஆட்களையும் காசு வாங்காமல் ஏற்றிவந்தார். வியாழக்கிழமை லைட் எரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் குழாயை இணைத்தார்கள். ஆனால் துருத்துக்குத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான், அதுவும் காலை பத்து மணிக்குமேல். வருமா வராதா என்று பார்க்காமலே மறுநாள் விடிந்ததும் நாகர்கோவில் வளைகாப்புக்குக் கிளம்பினோம். குழாயடியில் காவலுக்கு அண்ணனை விட்டுவந்தோம்.

அஜிதாவின் இரண்டு கையிலும் வளையல் அடுக்கியாயிற்று. சம்பந்தியம்மா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"லைட்டும் பைப்பும் வந்தாச்சா?"

"வந்தாச்சு" என்றார் அக்கா.

"காட்டுங்க."

நான் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டுப் போனைச் சம்பந்தியம்மா கையில் கொடுத்தேன். மணி பத்தேகால். முதலில் பல்பைக் காட்டினார். எரிந்தது. ஃபேன் சுற்றியது. பிறகு குழாயைத் திருகினார். ஒன்றும் வரவில்லை. இன்னும் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது. கூடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் என் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை. மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

குழாய் இரண்டு தடவை இருமியது. கொஞ்சம் செம்மண் கலரில் துப்பியது. அப்புறம் கொட்டியது பாருங்கள், அண்ணனின் வேட்டி நனைந்தது, போன் நனைந்தது, படமே மறைந்துபோனது. "வந்துட்டு, வந்துட்டு!" என்ற அவருடைய சத்தம் மட்டும் கேட்டது.

நாகலக்ஷ்மியம்மா போனை என்னிடம் திருப்பித் தந்தார். "செரி. பிள்ளயக் கூட்டிட்டுப் போங்க. மெதுவா தோணியில ஏத்தணும், கேட்டேளா?"

அக்கா தலையாட்டினார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"வா மக்கா, நம்ம வீட்டுக்குப் போவோம்."