ஜெபகனி டீச்சரும் எட்டு வாளிகளும்

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியைகளுக்கென்று காலங்காலமாகச் சில பணிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. மாதர் சங்கத்துக்குச் செயலாளராகலாம். தெரிந்தவர் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கலாம். ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழு எந்த இடத்தில் சுதி தப்பியது என்பதை மதியச் சாப்பாட்டின்போது வீட்டாருக்கு அறிவிக்கலாம். ஜெபகனி டீச்சர் இம்மூன்றையும் எட்டே மாதத்தில் செய்து முடித்துவிட்டார். ஒன்பதாம் மாதம் குதிரை ஏறினார்.

குற்றம் டாக்டருடையது. சர்க்கரை இருக்கிறது, தினமும் ஒரு மணி நேரம் நடை வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். யார் நடக்க வேண்டும் என்று எழுதவில்லை.

கங்கைகொண்டான் போகும் வழியில், மேலப்பாளையத்து சல்மான் ஃபாரிஸ் ஒரு குதிரைப் பண்ணை வைத்திருந்தார். வெறும் சவாரி மட்டுமல்ல, டிரஸ்ஸாஜும் கற்றுத் தரப்படும் என்று வாசலில் எழுதியிருந்தது. குதிரையைச் சொன்ன இடத்தில், சொன்ன நடையில் போகவைக்கும் கலை அது. மேலே இருப்பவர் ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தெரிய வேண்டும் என்பது அதன் உச்சம். இதைக் கேட்ட டீச்சரின் கணவர் எபனேசர், தான் அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் பயிற்சியே இல்லாமல் அதைச் செய்ததாகச் சொன்னார். அவருக்கு அன்று காப்பி தாமதமாக வந்தது.

அறுபது வயதில் முதல்முறையாகச் சுடிதார் போட்டார் டீச்சர். கொண்டை ஹெல்மெட்டுக்குள் அடங்காததால் பிடரிக்கு இடமாற்றம் செய்யப்பட்டது. அவருக்குக் கொடுத்த குதிரை பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற மின்னல். பெயருக்குரிய காரியத்தை அது நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. முதல் நாள் டீச்சர் வகுப்பறைக் குரலில் "ம், நட" என்றார். குதிரை நடக்கவில்லை. பக்கத்தில் நின்ற மூன்று பையன்கள் நடந்தார்கள்.

"காலால தள்ளணும் டீச்சர்," என்றார் சல்மான். "வாயால சொன்னா அதுக்கு விளங்காது."

புதிதாக வருகிறவர்களின் குதிரைக்கு நீளமாக ஒரு கயிறு கட்டுவார்கள். நடுவில் ஒருவர் நின்று அதைப் பிடித்துக்கொள்ள, குதிரை வட்டமடிக்கும். மெதுவோட்டம் வந்தால் தாளத்துக்குச் சேணத்தில் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். முப்பத்துநான்கு வருடம் பிறரை எழுப்பி உட்காரவைத்த டீச்சருக்கு இது தேவ நியாயமாகத்தான் பட்டிருக்கும். கூடச் சுற்றியவர்கள் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும். ஆறு மாதத்தில் ஒவ்வொரு பிள்ளையாகக் கயிறு கழன்று போனது. புதுப் பிள்ளைகள் வந்தன. டீச்சர் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒருவரை அதே வகுப்பில் மறுபடி உட்காரவைப்பது என்றால் என்னவென்று அவருக்கு உள்ளே இருந்து தெரிந்தது அப்போதுதான்.

பிள்ளைகளுக்குச் சல்மான் சரி என்றால் போதும்; பெரியவர்களுக்குக் கயிறு கழல வேண்டுமானால் தொடக்கநிலைத் தேர்வில் தேற வேண்டும். நடுவர் கோயம்புத்தூரிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். டீச்சர் தேர்வுத்தாளை வசனம்போல் மனப்பாடம் செய்தார். A-யில் நுழை, C-யில் இடப்பக்கம் திரும்பு, E-யில் வட்டம் போடு என்று தூக்கத்திலும் ஒப்பித்தார். அந்த எழுத்துகள் திடலோரத்தில் எங்கெங்கே அடையாளமாக நிற்கும் என்று அவர் பார்த்ததில்லை. வட்டத்துக்குள்ளேயே சுற்றியவருக்குப் பார்க்க வாய்ப்பும் இல்லை.

தேர்வு நாளில், எட்டு மணிக்கு வரச் சொன்னால் ஆறு மணிக்கு வரும் வழக்கப்படி டீச்சர் வந்தார். செவ்வகத் திடலைச் சுற்றி எழுத்தெழுதிய எட்டு பெயின்ட் வாளிகள் நின்றன. குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் தங்கத்தாய் அவற்றை வைத்துவிட்டுப் புல் எடுக்கப் போயிருந்தார். டீச்சர் பார்த்தார். A-க்கு அடுத்து K. அதற்கடுத்து E. பிறகு H. அப்புறம்தான் C. அதைத் தொடர்ந்து M, B, F.

இடையில் D, G, I, J, L இல்லாததை, வராதவர்கள் என்று மன்னித்தார். வந்தவர்களாவது வரிசையில் நிற்க வேண்டாமா? கால்மணி நேரத்தில் எட்டு வாளிகளும் காலை அசெம்பிளிபோல் A, B, C, E, F, H, K, M என்று ஒழுங்குக்கு வந்தன. நல்ல காரியம் செய்த முகத்தோடு கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

உலகம் முழுக்க அந்த எழுத்துகள் அப்படிக் கலைந்துதான் நிற்கும். ஏன் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாததால்தான் யாரும் மாற்றுவதில்லை.

நடுவர் குதிரைப்படையிலிருந்து ஓய்வுபெற்றவர். குடையின்கீழ், ஒரு வாளியின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்தார். திடலுக்குள் முதலில் போனவர் வங்கி அதிகாரி சுப்பராமன். C-யைத் தேடி நட்டநடுவில் இடப்பக்கம் திரும்பினார். வட்டம் போட வேண்டிய E ஒரு மூலையில் நின்றது. மூலையில் வட்டம் போட முயன்றதில் அவரும் குதிரையும் எல்லைக்கயிற்றைத் தாண்டி உடைமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தன் முறைக்காக மின்னல்மேல் காத்திருந்த டீச்சர், ஆள் படிக்காமல் வந்திருக்கிறார் என்று முடிவு செய்தார்.

லாயத்திலிருந்து ஓடிவந்த சல்மான் வாளிகளைப் பார்த்து நின்றுவிட்டார். நடுவரும் எழுந்து வந்து பார்த்தார். திடலில் கைவைத்தது யாரோ, அந்த ஆள் இன்று உள்ளே கால்வைக்கக் கூடாது, சவாரிக்காரரானாலும் சரி என்றார்.

"என்னக்கா இப்படிப் பண்ணி வச்சிருக்கிய," என்று சல்மான் தங்கத்தாயிடம் கேட்டார். "எழுத்து தெரியலன்னா என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"எழுத்துதாம்ப்பா தெரியாது. எடம் தெரியும்," என்றார் தங்கத்தாய். "ஏணி மாதிரி இருக்கது தொட்டிப் பக்கம். வளைஞ்சது கொடைக்கிட்ட. நாலு வருசமா அங்கனதான வைக்கேன்."

தங்கத்தாய் சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு பைய வாசலைப் பார்த்து நடந்தார்.

டீச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாய் திறக்காவிட்டால் பத்து நிமிடத்தில் கயிறு கழலும். திறந்தால் இன்னும் ஆறு மாதம். "யாரு செஞ்சது, கையத் தூக்கு" என்று ஆயிரம் முறை கேட்டவர் அவர். அப்போதெல்லாம் அந்தக் கை எவ்வளவு கனத்தது என்று எந்தப் பிள்ளையும் அவரிடம் சொன்னதில்லை.

கையைத் தூக்கினார்.

"நான்தான் மாத்துனேன். தங்கத்தாய் சரியாத்தான் வச்சிருந்தா."

தூக்கிய கையில் கடிவாள வார் இருந்தது. வார் இறுகியதும் மின்னல், தன் பழைய பாடம் ஏதோ நினைவுக்கு வந்ததுபோல், நாலு அடி பின்னால் நடந்து நின்றது. அது தொடக்கநிலைத் தேர்வில் இல்லை, மேல்நிலையில்தான் வரும். நடுவர் தாளை எடுத்து எழுதினார்: 'பின்நடை நேராக இருந்தது. தேர்வு எழுத அனுமதியில்லை.'

தங்கத்தாய் திரும்பி வந்து வாளிகளைப் பழைய இடத்தில் வைத்தார். சுப்பராமன் மறுபடி ஓட்டித் தேறினார். எவ்வளவு மார்க் என்று வீட்டில் கேட்ட எபனேசரிடம், மேல்நிலையில் ஒரு கேள்விக்குச் சரியாக விடை எழுதியிருப்பதாக டீச்சர் சொன்னார்.

திங்கட்கிழமை வட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரும் டீச்சரும். தேறியவர்களோடு சல்மான் வெளியே போய்விட்டதால், கயிற்றைப் பிடித்தது தங்கத்தாய். இரண்டு சுற்று வரை டீச்சரையே பார்த்தார்.

"முதுகு கூனுது டீச்சர். நிமிந்து இருங்க."

டீச்சர் நிமிர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம்."