என்னை வளர்க்க வந்த புத்தகம்

என்னை எப்படி வளர்ப்பது என்று சொல்லும் புத்தகம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. 1991ஆம் வருஷம். மெட்ராஸில் கண் ஆஸ்பத்திரிக்கு வழக்கம்போல் போயிருந்தோம். டாக்டர் வழக்கம்போல் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும், இதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வழக்கம்போல் சொன்னார். வெளியே வரும்போது அங்கே வேலை பார்த்த ஒரு அம்மா எங்களை நிறுத்தி, கண் தெரியாத பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்காகப் போட்டது, வீட்டுக்குப் போய்ப் படியுங்கள் என்று ஒரு புத்தகத்தை அப்பாவின் கையில் வைத்தார். நான் வாங்கி முகர்ந்து பார்த்தேன். புதுசு. ஒல்லியாக இருந்தது.

வேறு யாராவது என்றால் பஸ்ஸிலேயே நாலு பக்கம் புரட்டிவிட்டுப் பரணில் போட்டிருப்பார்கள். அப்பா அப்படிப்பட்டவர் அல்ல. அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டினார். அங்கே புது மெஷின் இறங்கினால் கூடவே ஒரு மேனுவலும் இறங்கும். மேனுவலில் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் எண்ணெய் விடாவிட்டால் சூப்பர்வைசர் மெமோ கொடுத்துவிடுவார்.

“பொறந்து பத்து வருசம் ஆச்சு, இப்பதான் இதுக்கு மேனுவல் வந்துகீது,” என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார் அப்பா. “இத்தினி நாளு குத்துமதிப்பா ஓட்டிகினு இருந்தோம்.”

“நல்லாத்தான ஓடிச்சு?” என்றாள் அம்மா.

ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில் ஒரு ஊரில் எங்கள் வீடு. அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, டீ குடித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவார். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். சத்தமாகப் படிப்பார். மறுநாள் காலையிலிருந்து அது வீட்டில் அமலுக்கு வந்துவிடும்.

முதல் அத்தியாயத்தில், குழந்தை இருக்கும் அறைக்குள் போகும்போது யார் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று போட்டிருந்தது. மறுநாளிலிருந்து அப்பா, “அப்பா வந்துகீறேன்” என்று சொல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பினாலும், “மறுபடி அப்பாதான்.” உண்மையில் அவர் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிடும். ஒரு செருப்பை மெதுவாக வைத்துவிட்டு இன்னொன்றைத் தூக்கி எறிவது எங்கள் ஊரிலேயே அவர் ஒருவர்தான். ஆனால் அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லும்போது, தெரியும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. “ஓ, நீயாப்பா!” என்பேன்.

அம்மா ஒத்துழைக்கவில்லை. “இன்னா, நாடகக் கம்பெனியா நடத்தறோம்? நான் நடந்தா அதுக்குத் தெரியாதா?” என்று கேட்டாள். அடுத்த தெருவில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தேவைக்கு மேலேயே ஒத்துழைத்தாள். “உங்க அப்பன் கூடப் பொறந்தவ வந்துகீறேன், கையில முருங்கக்கா கீது, முட்டி வலி இன்னும் போவல” என்று எல்லாவற்றையும் வாசலிலேயே அறிவித்துவிடுவாள். உள்ளே வந்து பேச அவளுக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

அப்பா பால்காரரையும் விடவில்லை.

“டெய்லி ‘பால் பால்’னு கத்தறியே, பாலா பேசுது? யாரு வந்துகீறதுனு சொல்லுப்பா.”

“அண்ணே, என் பேர சொல்லிக் கத்தனா எவன் சொம்ப எடுத்துகினு வருவான்?” என்றார் பால்காரர்.

அப்பா அதை யோசித்துப் பார்த்து, பால்காரருக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்.

இரண்டாவது அத்தியாயம் வீட்டுச் சாமான்களைப் பற்றியது. அவற்றை அடிக்கடி இடம் மாற்றினால் குழந்தை இடித்துக்கொள்ளும், எதையும் அதனதன் இடத்திலேயே வைத்திருங்கள் என்று போட்டிருந்தது. கம்பெனியில் எந்த மெஷின் எங்கே நிற்க வேண்டும், எந்தத் தள்ளுவண்டி எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்களாம். அப்பா ஒரு டப்பா மஞ்சள் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தரையில் தவழ்ந்தார். கட்டிலுக்கு ஒரு கட்டம். பீரோவுக்கு ஒரு கட்டம். தண்ணீர்க் குடத்துக்கு வட்டம். கடைசியில் அம்மா உட்கார்ந்து காய் நறுக்கும் இடத்துக்கும் ஒரு கட்டம் போட்டார்.

அம்மா கேட்டாள். “கண்ணு தெரியாத பொண்ணுக்கு மஞ்சக் கோடு போட்டுகிறியே, இத யாரு பாக்கறது?”

“நீதான். சாமான நவுத்தி வைக்கிறது அவளா? நீ. அப்ப கோடு உனுக்குத்தான்.”

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. பெயிண்ட் காயும்வரை கட்டிலில் உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். அத்தை மட்டும் வழக்கம்போல் முழு அறிவிப்போடு உள்ளே வந்து, பீரோவின் கட்டத்தை மிதித்து, ஈரப் பாதத்தோடு சமையலறைவரை போய்விட்டாள். அந்த மஞ்சள் கால்தடம் எங்கே எங்கே இருக்கிறது என்று பல வருஷங்களுக்கு விருந்தாளிகள் எனக்கு விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது அத்தியாயம் வேறு மாதிரி இருந்தது. பிள்ளைக்குப் பார்வை இல்லை என்று தெரிந்ததும் பெற்றோருக்கு வரும் துக்கம், கோபம், யார் காரணம் என்ற கேள்வி, அதையெல்லாம் எப்படிக் கடந்து வருவது என்று எழுதியிருந்தது. அப்பா வழக்கம்போல் சத்தமாகத்தான் ஆரம்பித்தார். போகப்போகக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. நான் கட்டிலில் படுத்து, தூங்குவதுபோல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பக்கத்தைத் திருப்பினாள்.

“இது நமக்கு வேணாம். இதெல்லாம் இவ கைக்கொழந்தையா இருக்கச் சொல்லவே முடிச்சுட்டோம்,” என்றாள். “அடுத்தது இன்னா போட்டுகீது, அத்தப் படி.”

அடுத்ததில்தான் வினை இருந்தது. வெளியே கூட்டிக்கொண்டு போகும்போது சுற்றிலும் என்ன இருக்கிறது என்று குழந்தைக்கு விவரித்துக்கொண்டே போக வேண்டும், அது கேட்கும் கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும் என்று போட்டிருந்தது.

என்னுடைய செருப்பு அறுந்துபோயிருந்தது. புதுசு வாங்க அப்பாவும் நானும் ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறினோம். அப்பா புத்தகத்தையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டார். மேனுவல் இல்லாமல் மெஷினைத் தொடக் கூடாதல்லவா. ஜன்னலோர சீட் கிடைத்தது. பஸ் நகர்ந்ததும் அப்பா ஆரம்பித்தார். ஏரி வந்தால் ஏரி, ஏரியில் எருமை, எருமை மேல் கொக்கு. எனக்கு எருமை போதவில்லை.

“பஸ்ஸுக்குள்ள யாரு யாரு கீறாங்க?”

“முன்னாடி சீட்ல ஒருத்தர் கீறாரு.”

“எப்படி கீறாரு?”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிரஸ் மெஷின் பக்கத்தில் வருஷக்கணக்கில் நின்றதில் அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் ரகசியம் பேசுவதாக நினைத்துப் பேசுவது டிரைவருக்கே கேட்கும்.

“தல வழுக்கை,” என்று ரகசியமாகக் கத்தினார் அப்பா. “ஆனா முழுசா இல்ல. காது ஓரமா கொஞ்சம் முடி கீது. அத்த நீளமா வளத்து, இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கத்துக்கு இழுத்து, தண்ணி போட்டு ஒட்டிகினு கீறாரு.”

“ஏம்ப்பா?”

“வழுக்கைய மறைக்கத்தான்.”

“மறையுதா?”

ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். “இல்ல,” என்றார் அப்பா.

முன் சீட்டு கிறீச்சிட்டது.

“யோவ், இன்னாய்யா? நானும் அப்பலேர்ந்து கேட்டுகினு வரேன். என் தலதான் கெடச்சுதா உனுக்கு?”

“கோச்சுக்காதீங்க. புத்தகத்துல போட்டுகீதுங்க.”

“என் தலயப் பத்தியா? புத்தகத்துலயா?”

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். கண்டக்டர் வந்துவிட்டார். அப்பா அவசர அவசரமாகப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தேடி நீட்டினார். கண்டக்டர் அதை வாங்கி, டிக்கெட் கேட்கும் அதே குரலில் பஸ் முழுவதற்கும் படித்துக் காட்டினார். படித்து முடித்தபின் எல்லாரும் என்னைப் பார்த்திருக்க வேண்டும். சத்தமே இல்லை. அப்பாவை இறக்கி விட்டுவிடுவார்களோ என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

முன் சீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். குரலில் கோபம் போய்விட்டிருந்தது. ஆனால் மனக்குறை போகவில்லை.

“சரி, சொல்றதுதான் சொல்ற. தலய மட்டும் சொன்னா ஆச்சா? மீசயச் சொன்னியா? மீச எப்படி கீது, சொல்லு அந்தப் பொண்ணுக்கு.”

“மீச சூப்பரா கீதும்மா,” என்றார் அப்பா உடனே. “ரெண்டு பக்கமும் முறுக்கி விட்டுகீறாரு.”

“அத்த மொதல்ல சொல்லணும்,” என்றார் அவர். அதோடு நிற்காமல், தன் காலடியில் ஒயர் கூடையில் ஒரு சேவல் இருப்பதாகவும், மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோவதாகவும், நான் அதைத் தொட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார். என் மடியில் சூடாக, கனமாக ஒன்று வந்து உட்கார்ந்தது. கழுத்துப் பக்கம் பட்டு மாதிரி இருந்தது. அதற்குள் ஒரு மின்விசிறி ஓடுவதுபோல் உதறிக்கொண்டிருந்தது. விரலை மேலே கொண்டுபோனேன். மெத்தென்று பல்பல்லாக எதுவோ தட்டுப்பட்டது.

“இது இன்னாப்பா?”

“கொண்ட. இதுக்குத் தலைல…” என்று ஆரம்பித்த அப்பா, வாழ்க்கையில் முதல்முறையாகப் புத்தகத்தை மீறி வாயை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சேவல் என் மூக்கில் ஒரு அறை விட்டுவிட்டுப் பறந்தது. அதன்பின் அந்த பஸ்ஸில் நடந்ததை வானொலி வர்ணனைபோலத்தான் நான் கேட்டேன். “கம்பி மேல கீதும்மா!” “இல்ல பாப்பா, டிரைவர் பக்கம் போச்சு!” “தோ, பூக்காரம்மா கூடைல!” “என் தலமேல ஏறிச்சு, என் தலமேல!” நாற்பது பேர் எனக்காகக் கத்தினார்கள். எல்லாரும் அது எங்கே இருக்கிறது என்று சொன்னார்களே தவிர, பிடிக்க ஒருவரும் குனியவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியடில் மரத்தடியில் உட்கார்த்தி வைக்கப்படுகிற எனக்கு, ஒரு கூட்டத்தின் நட்டநடுவில் இருப்பது அன்றுதான் வாய்த்தது. சிரித்துச் சிரித்து விலா வலித்தது. கடைசியில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து சேவல் தானே வந்து என் சீட்டுக்கு அடியில், என் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

அந்த பஸ்ஸில் அதற்கப்புறமும் பல தடவை போனோம். கண்டக்டர் என்னைக் கண்டால் விசிலை ஊதி, “பொண்ணு ஏறிச்சு, யாரு இன்னா கலர் சட்டைனு சொல்லுங்க” என்பார். சொல்வார்கள்.

அன்று செருப்புக் கடையிலும் அப்பா விடவில்லை. கடைக்காரர் ஒவ்வொரு ஜோடியாக எடுத்துப்போட, அப்பா ஒவ்வொன்றாக ரகசியம் சொன்னார். “இது செவப்பு, நல்லா கீது. இது ஊதா, சுமார். இது ஒரு மாதிரி பச்ச, பாக்க சகிக்கல.”

“சார், வியாபாரத்தக் கெடுக்காதீங்க,” என்றார் கடைக்காரர்.

நான் ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு சிமென்ட் தரையில் நடந்து பார்த்தேன். சிவப்பு செருப்பு ஊமை. ஊதா முனகியது. பச்சை மட்டும் டப் டப்பென்று, ஒரு பெரிய மனிதர் வருவதுபோல் சத்தம் போட்டது.

“எனுக்குப் பச்சதான்.”

“கலரு நல்லால்லம்மா.”

“சத்தம் நல்லா கீதுப்பா.”

அப்பா பையைத் திறந்தார். பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. இப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது என்று அதில் போட்டிருக்கவில்லைபோலும். புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, “பச்சயே கட்டிக் குடுங்க,” என்றார். கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் அதைப் போட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன்.