சாலையிலிருந்து தெரிந்த வயல்

ஆர்லோ ஹார்ம்ஸுக்குச் சொந்தமாக இருந்தது நாற்பது ஏக்கர். அவர் பிழைத்தது வெர்னா அம்மாளின் நூற்றறுபது ஏக்கரில், குத்தகைக்கு. பன்னிரண்டு வருடமாக அந்த மண்ணில் அவர் கலப்பையை இறக்கவில்லை. மக்காச்சோளம் அறுத்ததும் தட்டையை அப்படியே விட்டு, குளிர் தாங்கும் ரை தானியத்தை விதைப்பார். வசந்தத்தில் அதை உருளையால் சாய்த்து, அந்தப் படுக்கைக்குள்ளேயே சோயா ஊன்றுவார். மூடிவைத்த மண் மழையில் போகாது, தழையிலுள்ள கார்பனும் காற்றில் கலக்காமல் மண்ணிலேயே தங்கும் என்பார். முன்பு அமெரிக்காவில் எங்கள் அயோவா மாநிலத்தில் ஒரு மாதம் பெய்த மழை இப்போது ஒரே இரவில் கொட்டுகிறது. அதற்கு அவர் கண்ட வழி அது.

நான் வெர்னா அம்மாள் வீட்டில் வேலைக்கு இருந்தேன். அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டதால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் காரை நான்தான் ஓட்டுவேன். ஆராதனை முடிந்ததும் எங்கள் ஊரில் எல்லோரும் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு அடுத்தவர் வயலைப் பார்த்து மார்க் போடுவார்கள். கறுப்பு மண்ணும் பிசகாத வரிசையும் தெரிந்தால் நல்ல விவசாயி.

அந்த வருடம் மே முழுவதும் ஈரம். உருளையை இறக்க முடியாமல் ரை நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. சர்ச் காப்பி மேஜையில் பக்கத்து நிலத்துக்காரர் கெல்வின் ஆரம்பித்தார்.

"என்ன ஆர்லோ, வெர்னா நிலத்துல மான் வளக்குறியா? இல்ல, உன் கலப்பைய எவனாவது தூக்கிட்டுப் போயிட்டானா?"

"அத வித்துத்தான்யா உருளை வாங்கினேன்," என்று ஆர்லோவும் சேர்ந்து சிரித்தார். வெர்னா அம்மாள் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் வயலோரம் காரை நிறுத்தச் சொன்னார்.

"உள்ளதச் சொல்லு. எப்படியிருக்கு?"

எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டதற்கு மேல் பேசிப் பழகாதவள் நான்.

"புல்லு மாதிரி நிக்குதும்மா. நெஞ்சு உயரம்."

"மண்ணு?"

"கண்ணுக்குத் தெரியலம்மா."

"என் வீட்டுக்காரர் இருந்தா இப்படி விட்டிருப்பாரா?"

மறுவாரம் ஆர்லோ ஒரு வாளி மண்ணோடு சமையலறைக்கு வந்தார். அதில் புழுக்கள் நெளிந்தன.

"வெர்னாம்மா, பாக்க வேணாம். கைய விட்டுத் தொட்டுப் பாருங்க. பஞ்சு மாதிரி இருக்கும்."

வெர்னா அம்மாள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. "ரோட்டுல போறவன் எவனும் எறங்கித் தொட்டுப் பாக்கறதில்லப்பா. ஓரத்துல முப்பதடியாவது உழுது விடேன்."

"உழுதா அந்த முப்பதடிதான் மொதல்ல ஓடைக்குப் போகும்."

"அப்போ என் பேரு கெட்டா உனக்குப் பரவால்ல."

ஆர்லோ வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஓரத்தை உழவில்லை.

செப்டம்பர் முதல் தேதிக்குள் குத்தகையை முடிப்பதாகக் கடிதம் போகாவிட்டால் எங்கள் மாநிலத்தில் அது தானாகத் தொடரும். ஆகஸ்ட் கடைசியில் வெர்னா அம்மாள் சொல்லச் சொல்ல அந்தக் கடிதத்தை எழுதியது நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், பிழை வந்துவிடுமோ என்று பயந்தபடி எழுதினேன். இது வேண்டாம்மா என்று சொல்லத் தோன்றியது. கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். சோயா அந்த வருடம் கெல்வினுக்கு விளைந்த அளவு ஆர்லோவுக்கும் விளைந்தது. கடிதம் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

மார்ச்சில் குத்தகை கெல்வின் கைக்குப் போனது. ஏப்ரலில் இரண்டே நாளில் உழுது முடித்தார். சர்ச்சில் பலர் வெர்னா அம்மாளின் கையைப் பிடித்து, வயல் இப்போதுதான் வயலாக இருக்கிறது என்றார்கள். நாற்பது ஏக்கரை வைத்துப் பிழைக்க முடியாமல் ஆர்லோ கூட்டுறவுக் கிடங்கில் லாரி ஓட்டப் போனார்.

மே மூன்றாம் வாரம் ஓர் இரவில் நான்கு அங்குலம் பெய்தது. காலையில் நான் வேலைக்குப் போகும்போது வெர்னா அம்மாளின் வயலிலிருந்து இறங்கிய கறுப்புத் தண்ணீர் சாலைப் பள்ளம் நிறைய ஓடியது. ஆர்லோ லாரியை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கார் கண்ணாடியை இறக்கினேன். கடிதத்தில் இருந்தது என் கையெழுத்து என்று அவருக்குத் தெரியும்.

"பாலத்துப் பக்கம் போகாத. ரோட்டு மேல மண்ணு ஏறிக்கிடக்கு," என்றார். "சுத்திப் போயிடு."

சுற்றிப் போனேன்.